சூரியன் படாத இடத்தில் மெலனோமா வருமா? சிறுநீர்ப் பாதை குறித்த ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

கேள்வி: 2024 பிப்ரவரி 11

என் தாயாருக்கு வயது 68. சிறுநீர் வெளிவரும் துவாரத்தின் விளிம்பில் சுண்டுவிரல் நுனி அளவில் சிவந்த சதை ஒன்று இருந்தது. அவ்வப்போது இரத்தக் கறை படும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் சாதாரணச் சதைமுளைதான் என்று சொல்லி எட்டு மாதம் களிம்பு தடவச் சொன்னார்கள். வளரத் தொடங்கியதும் வெட்டி எடுத்தார்கள். அறிக்கையில் மெலனோமா என்று வந்திருக்கிறது. வெயில் பட்டுத் தோலில் வரும் கறுப்புப் புற்றுக்குத்தான் அந்தப் பெயர் என்று படித்திருக்கிறேன். வெயிலே படாத இடத்தில், கறுப்பே இல்லாத சதையில் அது எப்படி வரும்? அறிக்கை தவறு என்றே நினைக்கிறேன். ஒரு மருத்துவர் சிறுநீர்ப்பையையும் சேர்த்து அகற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர் அவ்வளவு வேண்டாம், ஊசி மருந்து இருக்கிறது என்கிறார்.

2024 பிப்ரவரி 11, இரவு

அறிக்கை சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பெயர் சூட்டுவதே என் தொழிலாக இருந்தது. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் தாயாரின் தகடுகளை நான் பார்க்கவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

மெலனின் நிறமியைச் செய்யும் மெலனோசைட்டுகள் என்ற உயிரணுக்கள் தோலில் பிறப்பவை அல்ல. கரு வளரும்போது நரம்பு முகடு என்ற பகுதியிலிருந்து அவை புறப்பட்டு உடலெங்கும் பயணம் செய்கின்றன. பெரும்பாலானவை தோலில் குடியேறுகின்றன. சில கண்ணிலும், மூக்கு, வாய், மலவாய், பிறப்புறுப்பு ஆகியவற்றின் ஈரமான உட்படலங்களிலும் தங்கிவிடுகின்றன. அங்கே தங்கியவை புற்றாக மாறுவதற்கு வெயில் தேவையில்லை. 2017இல் வெளிவந்த முழு மரபணுத்தொகுதி ஆய்வு ஒன்றில், தோல் மெலனோமாக்களில் புற ஊதாக் கதிர் விட்டுச்செல்லும் தடயம் நிறைந்திருந்தது. உட்படல மெலனோமாக்களில் அந்தத் தடயத்தைப் பெரும்பாலும் காண முடியவில்லை. குரோமோசோம்கள் உடைந்து இடம் மாறி ஒட்டியிருந்த சிதைவுகளே அவற்றில் மிகுந்திருந்தன. பெயர் ஒன்றாக இருந்தாலும் நோயின் பிறப்பு வேறு.

எல்லா மெலனோமாக்களிலும் உட்படலத்தில் பிறப்பவை நூற்றில் ஒன்று என்ற அளவை ஒட்டியே இருக்கும். அவற்றுள்ளும் சிறுநீர்ப் பாதையில் பிறப்பவை மிகச் சில. பாதைக்குள் அதிகம் பாதிக்கப்படுவது யூரித்ரா, அதாவது சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய், அதிலும் வெளித் துவாரத்தை ஒட்டிய பகுதி. ஆண்களைவிடப் பெண்களுக்கு, அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அதிகம். நீங்கள் எழுதியிருக்கும் வயது, இடம், இரத்தக் கறை, சதைமுளை என்ற முதல் பெயர் ஆகிய நான்கும் பாடநூல் விவரிப்போடு வருத்தம் தரும் அளவுக்குப் பொருந்துகின்றன.

2024 பிப்ரவரி 12

நிறத்தைப் பற்றி நேற்று எழுத விட்டுப்போனது. இந்த இடத்து மெலனோமாக்களில் கணிசமானவை கறுப்பாக இருப்பதில்லை. நிறமியைச் செய்யும் திறனை இழந்துவிட்டோ, மிகக் குறைவாகச் செய்தோ, இளஞ்சிவப்பு நிறத்தில் ஈரமாக மின்னிக்கொண்டு இருக்கும். சதைமுளையும் அப்படித்தான் இருக்கும். பார்வையால் இரண்டையும் பிரிக்க முயல்வது, உறைக்குள் இருக்கும் கடிதத்தை உறையின் நிறத்தை வைத்துப் படிப்பதைப் போன்றது.

நானே தவறியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு குப்பியில் யூரித்ராத் துண்டு ஒன்று வந்தது. குப்பியின் மேல் "சதைமுளை" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். நோயாளியின் வரலாறு எழுதுவதற்கு விடப்பட்டிருந்த கட்டத்தில் "ஒரு துண்டு" என்று மட்டும் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், ஒரு துண்டுதான் இருந்தது. அவ்வளவு துல்லியமான வரலாறு எனக்கு அபூர்வமாகவே கிடைக்கும். தகட்டில் பெரிய, ஒழுங்கற்ற, பருத்த கருமையங்கொண்ட உயிரணுக்கள் தெரிந்தன. நிறமி இல்லை. யூரித்ராவில் இப்படித் தெரிந்தால் மனம் நேராகப் போகும் இடம், உட்படல உயிரணுக்களிலிருந்து பிறக்கும் புற்றான கார்சினோமாதான். "முதிர்ச்சி குன்றிய கார்சினோமா" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பதினொரு நாள் கழித்து, அறுவை மருத்துவர் தொலைபேசியில் கேட்ட ஒரே ஒரு கேள்வி என்னை மீண்டும் தகட்டின் முன் உட்கார வைத்தது: "கெராட்டின் சாயம் போட்டீர்களா?" போடவில்லை. கார்சினோமாவில் பிடிக்க வேண்டிய அந்தச் சாயம், போட்டபோது பிடிக்கவில்லை. மெலனோமாவில் பிடிக்கும் எஸ்-100, எச்.எம்.பி.-45, மெலன்-ஏ ஆகிய மூன்று சாயங்களும் பிடித்தன. அன்று மாலை திருத்திய அறிக்கையை நானே எடுத்துச்சென்று கொடுத்தேன்.

ஆகவே, அறிக்கை தவறா என்று சந்தேகப்படுவதில் தவறில்லை. ஆனால் சந்தேகத்தைக் கேட்க வேண்டிய விதம் ஒன்று உண்டு. எந்தெந்தச் சாயங்கள் போடப்பட்டன என்று கேளுங்கள். இன்று சாக்ஸ்-10 என்ற சாயமும் வழக்கத்தில் இருக்கிறது. உட்படல உயிரணுக்களுக்குரிய கெராட்டின் பிடிக்காமல், சாக்ஸ்-10உம் மெலன்-ஏ அல்லது எச்.எம்.பி.-45உம் பிடித்திருந்தால், பெயரைப் பற்றிய சந்தேகத்தைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். எஸ்-100 மட்டும் பிடித்திருந்தால் போதாது. அது நரம்புறைக் கட்டிகளிலும் வேறு பலவற்றிலும் தாராளமாகப் பிடிக்கும். எச்.எம்.பி.-45 மட்டும் பிடிப்பதும் போதாது, ஏனெனில் பீகோமா என்ற வேறொரு அபூர்வக் கட்டியும் அதை ஏற்கும்.

2024 பிப்ரவரி 14

வேறொரு வாசகர் கேட்டிருக்கிறார்: யூரித்ராவில் அல்லாமல் சிறுநீர்ப்பைக்குள்ளேயே மெலனோமா இருந்தால்?

அப்போது முதல் வேலை, அது அங்கே பிறந்ததா, வேறிடத்திலிருந்து வந்து தங்கியதா என்று தீர்மானிப்பது. சிறுநீர்ப்பையில் காணப்படும் மெலனோமாக்களில் மிகப் பெரும்பாலானவை வந்து தங்கியவை. அங்கேயே பிறந்தவை என்று உலக மருத்துவ இதழ்களில் பதிவானவை ஒரு சிறு அலமாரித் தட்டில் அடங்கிவிடும். யூரித்ரா மெலனோமாவை முதலில் விவரித்தவர் ரீட், 1896இல். சிறுநீர்ப்பையில் பிறந்த மெலனோமாவின் முதல் விவரிப்பு வீலாக் எழுதியது, 1942இல்.

1976இல் எய்ன்ஸ்வொர்த்தும் உடன்பணியாளர்களும் வகுத்த அளவுகோல்களே இன்றும் கைக்கொள்ளப்படுகின்றன. நோயாளிக்கு முன்பு தோலில் மெலனோமா இருந்திருக்கக் கூடாது. தானாக மறைந்துபோன தோல் மெலனோமாவின் தழும்பும் இருக்கக் கூடாது. வேறு உள்ளுறுப்பில் பிறந்திருக்கக் கூடாது. பரவிய விதம் சிறுநீர்ப்பையிலிருந்து கிளம்பியதற்கு ஒத்திருக்க வேண்டும். கட்டியின் ஓரத்து உட்படலத்தில் இயல்பு பிறழ்ந்த மெலனோசைட்டுகள் காணப்பட வேண்டும். இவற்றுள் இரண்டாவதை எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். உடலின் எதிர்ப்பாற்றல் தோல் மெலனோமா ஒன்றை முற்றிலும் அழித்துவிட்டு, வெளிறிய திட்டை மட்டும் விட்டுவைப்பதுண்டு. அதற்கு முன்பே அது பரவியிருக்கவும் கூடும். இத்தகைய வெளிறிய திட்டுகளைத் தேடத்தான் இருட்டறையில் வுட் விளக்கு என்ற புற ஊதா விளக்கின் ஒளியில் தோல் முழுவதையும் பார்க்கச் சொல்வார்கள். உச்சந்தலை, விரலிடுக்கு, நகத்தடி, கண், மலவாய் எதையும் விடக் கூடாது.

கேள்வி கேட்டவரின் தாயாருக்கும் இது பொருந்தும். யூரித்ராவின் வெளித் துவாரத்தில் உள்ள கட்டி, பக்கத்திலுள்ள வெளிப் பிறப்புறுப்பிலிருந்தோ யோனிச் சுவரிலிருந்தோ ஊர்ந்து வந்திருக்கலாம். அந்தப் பகுதி முழுவதையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்காமல் அறுவையின் எல்லையை யாராலும் வரைய முடியாது.

2024 பிப்ரவரி 14, சற்று நேரம் கழித்து

"வந்து தங்கியவை" என்று எழுதியதைப் படித்து ஒருவர், வந்து தங்கியதாக இருந்தால் சிகிச்சையே இல்லையா என்று கேட்டிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை. அறுவையின் நோக்கம் அங்கே மாறிவிடும்: நோயை வேரோடு எடுப்பதற்குப் பதிலாக இரத்தப்போக்கையும் அடைப்பையும் நிறுத்துவதே நோக்கமாகும். உடல் முழுவதற்குமான மருந்து முதலிடத்துக்கு வரும்.

2024 பிப்ரவரி 19

கறுப்பாக இருப்பதெல்லாம் மெலனோமா என்ற எதிர்ப்பக்கத் தவறையும் சொல்லிவிட வேண்டும்.

ஐம்பதைக் கடந்த ஒருவருக்கு வேறு காரணத்துக்காகச் சிஸ்டோஸ்கோப்பி செய்தபோது, அதாவது குழாய்க் கருவியைச் செலுத்தி உள்ளே பார்த்தபோது, சிறுநீர்ப்பையின் உட்சுவரில் மை தெளித்ததுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தன. அறுவை அரங்கிலிருந்தே குடும்பத்தாருக்குச் செய்தி போய்விட்டது. துண்டு என்னிடம் வந்தது. நிறமி இருந்தது, ஆனால் இயல்பு பிறழ்ந்த உயிரணு ஒன்றுகூட இல்லை. பழுப்பு நிறமி என்பதற்கு நுண்ணோக்கியின் கீழ் மூன்று பொருள்கள் உண்டு: மெலனின், பழைய இரத்தக்கசிவின் இரும்பு, உயிரணு முதுமையின் கழிவான லிப்போஃபஸ்சின். இரும்பைப் பெர்ல்ஸ் சாயம் நீலமாக்கிக் காட்டிக்கொடுக்கும். ஃபோன்டானா-மாசன் சாயம் மெலனினைக் கறுப்பாக்கும், ஆனால் லிப்போஃபஸ்சினையும் ஓரளவு கறுப்பாக்கி நம்மைக் குழப்பும். வெளுக்கும் கரைசலில் இட்டால் மெலனின் நிறமிழக்கும். அந்த மனிதருக்கு இருந்தது மெலனோசிஸ் என்ற தீங்கற்ற நிறமித் தேக்கம். அது மிக அபூர்வம் என்பதாலும், மெலனோமாவோடு சேர்ந்து காணப்பட்டதாகச் சில பதிவுகள் இருப்பதாலும், அவ்வப்போது உட்புறத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். குடும்பத்தார் மூன்று நாள் அழுததற்கு யாரும் கணக்கு எழுதவில்லை.

சிறுநீரே கறுப்பாகப் போவது குறித்தும் கேட்டிருக்கிறார்கள். மெலனோமா உடலில் வெகுவாகப் பரவிய பின் சிலருக்கு நிறமற்ற முன்பொருள் சிறுநீரில் கலந்து, காற்றுப் பட்டு நின்ற பிறகு கறுக்கும். அது தொடக்க அறிகுறியாகாது. கரும்புள்ளிச் சிறுநீரைக் கண்டு நோயைத் தொடக்கத்திலேயே பிடித்துவிடலாம் என்று எவரும் காத்திருக்க வேண்டாம். காற்றுப் பட்டால் கறுக்கும் சிறுநீர் அல்காப்டனூரியா என்ற பிறவி வளர்சிதைமாற்றக் கோளாறிலும் உண்டு.

2024 பிப்ரவரி 20

மேலே "கரும்புள்ளிச் சிறுநீர்" என்று தட்டச்சு செய்திருக்கிறேன். கறுத்த சிறுநீர் என்று படிக்கவும். புள்ளி போட்ட சிறுநீரை நானும் இதுவரை பார்த்ததில்லை.

2024 மார்ச் 2

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். சாயங்கள் எல்லாம் போடப்பட்டிருக்கின்றன: சாக்ஸ்-10, மெலன்-ஏ பிடித்திருக்கின்றன, கெராட்டின் பிடிக்கவில்லை. பெயர் உறுதியாகிவிட்டது. பெட் ஸ்கேன் எடுத்ததில் "யூரித்ராவில் எதுவும் இல்லை" என்று வந்திருக்கிறதாம், எனவே எல்லாம் வெட்டிய கட்டியோடு போய்விட்டதா என்று கேட்கிறார்.

இந்த இடத்தில் பெட் ஸ்கேனுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. அதற்காக ஏற்றப்படும் கதிரியக்கச் சர்க்கரை சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீர்ப்பையும் யூரித்ராவும் விளக்குப்போல் ஒளிரும்போது அவற்றின் சுவரில் ஒட்டியிருக்கும் சிறு மிச்சத்தை எப்படிப் பிரித்தறிவது? நீர்போக்கு மருந்து கொடுத்துத் தாமதமாக மீண்டும் படமெடுப்பது ஓரளவு உதவும், குறையை நீக்காது. தொலைவிலுள்ள நுரையீரல், கல்லீரல், எலும்பு, நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றைப் பார்ப்பதற்கு அது சிறந்த கருவி. அந்த இடத்தையே பார்ப்பதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். மெலனின் மிகுந்த கட்டி எம்.ஆர்.ஐ.யின் டி-1 படத்தில் வெளிச்சமாகவும் டி-2 படத்தில் இருட்டாகவும் தெரியும் என்பது அழகான பாடம். நிறமியற்ற கட்டி அந்தப் பாடத்தைப் படித்திருக்காது. ஆகவே அந்த ஒளி தெரியவில்லை என்பதைக் கொண்டு மெலனோமா இல்லை என்று சொல்ல முடியாது. மூளைக்கும் தனியாக எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா என்று கேளுங்கள். மூளை இயல்பாகவே சர்க்கரையை விழுங்கும் உறுப்பாதலால் அங்கேயும் பெட் ஸ்கேன் தடுமாறும்.

2024 மார்ச் 9

அறுவையைப் பற்றி எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன், ஏனெனில் இதில் என் கருத்து காலப்போக்கில் மாறியிருக்கிறது.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில், யூரித்ரா மெலனோமா என்றால் பெண்களுக்கு யூரித்ரா, சிறுநீர்ப்பை, யோனியின் முன்சுவர், சில வேளைகளில் கருப்பை எல்லாவற்றையும் ஒரே கட்டாக எடுத்துவிடுவதே வீரமான மருத்துவம் என்று கருதப்பட்டது. ஆண்களுக்குக் குறியை அகற்றுவார்கள். கட்டியைச் சுற்றிச் சேர்த்து வெட்டப்படும் நோயற்ற ஓரம் எவ்வளவு அகலமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நானும் என் அறிக்கைகளில் மில்லிமீட்டர்களை எண்ணிக் கொடுத்தேன். அத்தனைக்குப் பிறகும் அவர்களில் பலருடைய நுரையீரல் துண்டோ கல்லீரல் துண்டோ ஓரிரண்டு ஆண்டுகளில் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. பதிவான பெரும்பாலான தொகுப்புகளிலும் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தவர்கள் பாதிக்கும் குறைவு. பெரிய அறுவை, ஓரம் சுத்தமான சிறிய அறுவையைவிட ஆயுளை நீட்டுகிறது என்று உறுதியாகக் காட்டிய ஒப்பீட்டு ஆய்வு எதுவும் கிடையாது. இவ்வளவு அபூர்வமான நோயில் அத்தகைய ஆய்வை நடத்துவதே இயலாது.

அதற்காக, சதைமுளையை எடுப்பதுபோல் நுனியைக் கிள்ளி எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. இந்தக் கட்டி கண்ணுக்குத் தெரியும் விளிம்போடு நிற்பதில்லை. அடிப்படை அடுக்கில் ஒற்றை ஒற்றை உயிரணுவாகப் பக்கவாட்டில் ஊர்ந்து, வெகு தூரத்தில் இன்னொரு புள்ளியில் தலைதூக்கும். அதே இடத்தில் மீண்டும் முளைப்பது இந்த நோயின் வழக்கம். அறுவை நடக்கும்போதே உறைய வைத்து ஓரத்தைப் பார்க்கும் உடனடிப் பரிசோதனையில் ஒற்றை மெலனோசைட்டுகளைக் கண்டறிவது மிகக் கடினம். நான் பலமுறை "ஓரம் சுத்தம்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் சாயமிட்ட தகட்டில் அந்த வாக்கைத் திரும்பப் பெற்றிருக்கிறேன்.

கட்டி வெளித் துவாரத்தை ஒட்டி மட்டும் இருந்தால், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் தசைக்கு முன்னாலேயே நின்று, போதிய ஓரத்தோடு யூரித்ராவின் முன்பகுதியை எடுப்பது நியாயமான தொடக்கம். கட்டி மேலே ஏறியிருந்தால் யூரித்ரா முழுவதையும் எடுக்க வேண்டியிருக்கலாம். அப்போதும் எல்லாருக்கும் சிறுநீர்ப்பையை இழக்க நேர்வதில்லை. சிறுநீர்ப்பையின் கழுத்தை மூடிவிட்டு, குடல்வாலைக் குழாயாகப் பயன்படுத்தி வயிற்றுச் சுவரில் ஒரு சிறு வாய் அமைக்கும் முறையை 1980இல் மித்ரோஃபனோஃப் விவரித்தார். நோயாளி அதன் வழியே தாமே குழாய் செருகிச் சிறுநீரை எடுத்துக்கொள்ளலாம். சிறுநீர்ப்பையிலேயே பிறந்த மெலனோமாவுக்கு நிலைமை வேறு. உட்புறமாகச் சுரண்டி எடுப்பது அங்கே நோயறிதலுக்குத்தான் போதும். சிகிச்சை என்றால் பையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அகற்றுவது.

ஆகவே இரண்டு மருத்துவர்களும் எதிரெதிராகப் பேசுவதாக எனக்குத் தோன்றவில்லை. முதலாமவர் அதே இடத்தில் மீண்டும் முளைப்பதை நினைத்து அஞ்சுகிறார், இரண்டாமவர் தொலைவில் பரவுவதை. அவர்களை ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். கட்டியின் மேல் எல்லை தசைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதற்கு விடை தெரியாமல் அவர்களில் எவரும் முடிவெடுக்க முடியாது.

2024 மார்ச் 10

நிணநீர்க் கணுக்களை விட்டுவிட்டேன். யூரித்ராவின் வெளிப்பகுதி தொடை இடுக்குக் கணுக்களுக்கும், உட்பகுதி இடுப்புக்குழிக் கணுக்களுக்கும் வடிகிறது. கணு பெருத்திருந்தால் எடுப்பார்கள். பெருக்காதபோது, முதலில் வடிகால் பெறும் காவற்கணுவைச் சாயமோ கதிரியக்கப் பொருளோ செலுத்திக் கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துப் பார்ப்பது ஒரு வழி. நோயின் நிலையை அறிய அது உதவும். கணுக்களையெல்லாம் வழித்தெடுத்தால் கால் வீங்கும். பலனுக்கோ சான்று மெலிது.

2024 மார்ச் 15

தம் உறவினர் அறிக்கையில் "நிலை" என்ற கட்டம் காலியாக இருப்பதைச் சுட்டி, அதை நிரப்பாதது அலட்சியமா என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். அலட்சியமில்லை. தோல் மெலனோமாவுக்குரிய நிலைப் பகுப்பு தோலின் அமைப்பை வைத்து எழுதப்பட்டது. தலை, கழுத்து உட்படல மெலனோமாவுக்குத் தனிப் பகுப்பு இருக்கிறது. சிறுநீர்ப் பாதைக்கென்று தனியாக எதுவும் இல்லை. எனவே பலர் 1970இல் பாலன்டைன் தலை, கழுத்துக்கு வகுத்த எளிய மூன்று படிகளையே இங்கும் கையாளுகிறார்கள்: அதே இடத்தில் மட்டும், கணுக்கள் வரை, அதற்கும் அப்பால்.

கிளார்க் என்பவரின் ஆழ அடுக்குகள் இங்கே பொருந்தா, ஏனெனில் தோலின் அடுக்குகள் இங்கே இல்லை. மில்லிமீட்டரில் அளக்கும் பிரெஸ்லோ தடிமனும் பயனற்றது என்று எழுத வந்தேன். எழுதும்போதே சந்தேகம் வந்து நிறுத்திக்கொண்டேன். 2000ஆம் ஆண்டில் யூரித்ரா மெலனோமா நோயாளிகள் 15 பேரை ஆராய்ந்த கட்டுரை ஒன்று உண்டு. இந்தத் துறையில் 15 என்பது பெரிய எண். இவ்வளவு சிறிய தொகுப்புகளைக் கொண்டு தடிமனுக்கு உறுதியான எல்லைகள் வகுக்க முடியாது என்பது உண்மைதான், ஆனாலும் கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது பொருட்படுத்தத் தக்கதே. அளந்து எழுதச் சொல்லுங்கள்.

2024 மார்ச் 28

மருந்துகள். இது நீளமாகும்.

முதலில் மரபணுச் சோதனை. தோல் மெலனோமாவில் பாதியளவுக்குக் காணப்படும், பிராஃப் என்ற மரபணுவின் மாற்றம் உட்படல மெலனோமாவில் அபூர்வம். அதற்கு மாறாகக் கிட் என்ற மரபணுவில் மாற்றம், தோராயமாகப் பத்தில் ஒருவர் முதல் ஐவரில் ஒருவர் வரை காணப்படலாம். 2006இல் இது தெளிவாக வெளிவந்ததும் பெரும் நம்பிக்கை பிறந்தது, ஏனெனில் கிட் புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரை ஏற்கெனவே 2001 முதல் இரத்தப் புற்றொன்றுக்குக் கையில் இருந்தது. 2011இல் வெளியான இரண்டு ஆய்வுகள் அந்த நம்பிக்கைக்கு அளவு வகுத்தன. ஒன்றில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினருக்கு நீடித்த பலன். மற்றொன்றில் 23 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது. பலன் பெற்றவர்கள் பெரும்பாலும் மரபணுவின் 11ஆம், 13ஆம் எக்ஸான்களில் (பகுதிகளில்) குறிப்பிட்ட மாற்றம் கொண்டவர்கள். கிட் புரதச் சாயம் அடர்த்தியாகப் பிடித்திருப்பதை மட்டும் வைத்து மாத்திரை கொடுப்பது சரியில்லை. மரபணுவின் எழுத்துகளையே படித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது எதிர்ப்பாற்றலை அவிழ்த்துவிடும் மருந்துகள். 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்றின் எண்களைச் சொல்கிறேன். நிவொலுமாப் மட்டும் பெற்ற உட்படல மெலனோமா நோயாளிகள் 86 பேரில் 23.3 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது; தோல் மெலனோமாவில் அதே மருந்துக்கு 40.9. நிவொலுமாபோடு இபிலிமுமாபும் சேர்த்துப் பெற்ற 35 பேரில் 37.1 விழுக்காடு, தோலில் 60.4. நோய் முன்னேறாமல் நின்ற இடைநிலைக் காலம் தனி மருந்தில் 3 மாதம், கூட்டு மருந்தில் 5.9 மாதம். தோல் மெலனோமா பற்றிப் படித்துவிட்டு வரும் குடும்பத்தார் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும், மருத்துவர் சொல்லாவிட்டாலும். கீமோதெரபி மட்டுமே இருந்த காலத்தில் என் மேசைக்கு வந்த திசுக்களை நினைத்தால், மூன்றில் ஒருவர் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அதைக் கேட்கும் மகனுக்கோ மகளுக்கோ அப்படித் தோன்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

2024 மார்ச் 30

எதிர்ப்பாற்றல் மருந்தான டொரிபாலிமாபும் இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் அக்சிடினிபும் சேர்ந்தால் 48 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கும் என்று ஒருவர் சுட்டி, 37ஐவிட 48 பெரிது, ஏன் அதை விட்டீர்கள் என்கிறார். எண் சரி: 2019இல் வெளியான ஆய்வில் 48.3. அது முன்பு கீமோதெரபி பெறாத, உட்படல மெலனோமா கொண்ட 29 பேரில் கிடைத்தது. ஒப்பிடுவதற்கு எதிர்க்குழு இல்லாத ஆய்வு. 29 பேரில் இரண்டு மூன்று பேர் இப்படியோ அப்படியோ சாய்ந்தால் விழுக்காடு எங்கோ போய் நிற்கும். இரண்டு தனித்தனி ஆய்வுகளின் விழுக்காடுகளை அருகருகே வைப்பது, இரண்டு வெவ்வேறு ஆறுகளின் ஆழத்தை ஒரே மூங்கிலால் அளந்து எந்த ஆற்றில் மீன் அதிகம் என்று சொல்வதைப் போன்றது. அக்சிடினிப் போன்ற மருந்தைச் சேர்ப்பது நல்ல யோசனையாகவே படுகிறது. அதற்கு மேல் அந்த எண்ணைச் சுமக்கவைக்க வேண்டாம்.

2024 ஏப்ரல் 6

28ஆம் தேதிக் குறிப்பில் பிராஃப் அபூர்வம் என்றதைப் பார்த்து, அப்படியானால் அந்தச் சோதனை வேண்டாமே என்று இருவர் முடிவுகட்டியிருக்கிறார்கள். என் எழுத்தின் குறை. அபூர்வம் என்றால் சூனியம் இல்லை. பிராஃப் மாற்றம் இருப்பது தெரிந்தால் இரண்டு மாத்திரைகள் கொண்ட தனி வழியே திறக்கும். மேலும், அது கட்டி உண்மையில் தோலிலிருந்து வந்ததோ என்று மறுபடி தேடவும் தூண்டும். பிராஃப், கிட், என்ராஸ் ஆகிய மூன்று மரபணுக்களையும் சேர்த்தே கேளுங்கள். திசு சிறிதாக இருந்தால் சாயங்களுக்கே எல்லாவற்றையும் செலவழித்துவிடாமல், மரபணுச் சோதனைக்குக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

2024 ஏப்ரல் 21

தாயாருக்கு அறுவை முடிந்தது என்ற செய்தி. யூரித்ராவின் முன்பகுதியை எடுத்திருக்கிறார்கள், ஓரங்கள் சுத்தம், காவற்கணு ஒன்றில் நோய் இல்லை. சிறுநீர்க் கட்டுப்பாடு ஏறத்தாழ முன்போலவே இருக்கிறதாம். இனித் தடுப்பாக மருந்து வேண்டுமா என்று கேட்கிறார்.

இங்கே சான்று மெலிந்தும் முரண்பட்டும் கிடக்கிறது. உட்படல மெலனோமாவை அறுத்தெடுத்த 189 பேரைப் பற்றி 2013இல் வெளியான ஆய்வில், டெமோசோலோமைடு, சிஸ்பிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்துகளைப் பெற்றவர்களுக்கு நோய் திரும்பாமல் இருந்த இடைநிலைக் காலம் 20.8 மாதம், உயர்அளவு இன்டர்ஃபெரான் பெற்றவர்களுக்கு 9.4, எதுவும் பெறாதவர்களுக்கு 5.4. பழைய கீமோதெரபியை எதிர்ப்பாற்றல் மருந்து எளிதாக வென்றுவிடும் என்று எதிர்பார்த்தோம். 2022இல் டொரிபாலிமாபை இன்டர்ஃபெரானோடு ஒப்பிட்டபோது 13.6 மாதமும் 13.9 மாதமும் கிடைத்தன, அதாவது வேறுபாடில்லை. பக்கவிளைவு மட்டும் டொரிபாலிமாபில் குறைவு. கதிர்வீச்சு அதே இடத்தில் திரும்புவதைக் குறைக்கலாம், ஆயுளை நீட்டுவதாக நிறுவப்படவில்லை. ஓரம் சுத்தமாக உள்ள 68 வயதுப் பெண்மணிக்கு நான் சிஸ்பிளாட்டினைப் பரிந்துரைக்கும் முன் அவருடைய சிறுநீரகமும் செவியும் எப்படி இருக்கின்றன என்று கேட்பேன். மருந்தைத் தேர்வது என் தொழில் இல்லை. புற்றுநோய் மருத்துவரிடம் இந்த எண்களோடு போங்கள்.

எதிர்ப்பாற்றல் மருந்து தொடங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். நீடிக்கும் வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, தாங்க முடியாத களைப்பு ஆகியவற்றை எதையோ சாப்பிட்டதன் விளைவு என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். கூட்டு மருந்தில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு ஒன்றேனும் வருகிறது. உரிய நேரத்தில் ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும்.

2024 மே 5

புதுச் செய்தி ஒன்று. கட்டியை வெட்டியெடுப்பதற்கு எட்டு மாதம் முன், களிம்பு தொடங்கிய காலத்திலேயே, வெளி நோயாளிப் பிரிவில் ஒரு சிறு துண்டைக் கிள்ளி அனுப்பியிருந்தார்கள் என்று பழைய தாள்களுக்குள் தேடியபோது தெரியவந்திருக்கிறது. அறிக்கை: "அழற்சியுற்ற சதைமுளை." அந்தத் துண்டு மெழுகுக் கட்டியாக இன்னும் ஆய்வகத்தில் இருக்கிறது. மீண்டும் பார்க்கச் சொல்லலாமா, அதனால் பயன் உண்டா என்று கேட்கிறார்.

பார்க்கச் சொல்லலாம், அது நோயாளியின் உரிமை. சிகிச்சை எதுவும் அதனால் மாறாது என்பதையும் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

2024 ஜூன் 2

பார்த்திருக்கிறார்கள். புதிதாக வெட்டிச் சாக்ஸ்-10 சாயமிட்டதில், துண்டின் ஒரு ஓரத்தில் மட்டும், அடிப்படை அடுக்கை ஒட்டி வரிசையாகச் சில உயிரணுக்கள் பிடித்திருக்கின்றன. இரண்டு இடங்களில் மேலடுக்குக்கும் ஏறியிருக்கின்றன. தகட்டின் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார், பழைய சாயத்தில் உள்ளதையும் புதிய சாயத்தில் உள்ளதையும். புதியதில் ஒரு குழந்தைகூடச் சுட்டிக்காட்டிவிடும். பழையதில் அழற்சி உயிரணுக்கள் கொட்டிக் கிடக்கின்றன, உட்படலம் பாதி உதிர்ந்திருக்கிறது, நிறமி துளியும் இல்லை. அரை மணி நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு பார்த்தபோதும் இரண்டு உயிரணுக்களைத்தான் என்னால் நம்பிக்கையோடு குறிக்க முடிந்தது.

அவர் கேட்டிருக்கும் கேள்வி: முதலில் பார்த்தவர் செய்தது தவறா? குப்பியில் சதைமுளை என்று ஒட்டி என்னிடம் அது வந்திருந்தால், நானும் அழற்சியுற்ற சதைமுளை என்றுதான் கையெழுத்துப் போட்டிருப்பேன். மூன்று மாதத்தில் குறையாவிட்டால் மீண்டும் துண்டு அனுப்பவும் என்று ஒரு வரி சேர்த்திருப்பேனா என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். கடைசிப் பத்தாண்டுகளில் சேர்த்திருப்பேன். அதற்கு முன் சேர்த்திருக்க மாட்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, உட்புறத்தைச் சிஸ்டோஸ்கோப்பியில் பார்ப்பது, எம்.ஆர்.ஐ. என்று அவர்கள் போட்டிருக்கும் அட்டவணை சரியாகவே இருக்கிறது. இடுக்குக் கணுக்களை விரலால் தடவிப் பார்ப்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள், அது அட்டவணையில் இல்லை.